மென்பொருளுக்குப் பொறுப்பு யார்?

கட்டணமின்றிக் கிடைக்கும் திறமூல மென்பொருள்களைப் பற்றிப் பேசும்போது, அவற்றை எழுதுபவர், பயன்படுத்துபவர் என்ற இரு தரப்பினரை மட்டுமே நாம் பெரும்பாலும் கருத்தில் கொள்கிறோம். இவ்விருவருக்கும் இடையில் மூன்றாமவர் ஒருவர் இருக்கிறார். எங்கோ ஒருவர் எழுதி வெளியிட்ட மூல நிரலை எடுத்து, அதைப் படித்துப் பார்த்து, நம் கணினியில் நிறுவத்தக்க வடிவில் கட்டி, மின்கையொப்பமிட்டுப் பொதுக் களஞ்சியத்தில் சேர்ப்பவர் அவர். அவ்வாறு கட்டப்பட்ட மென்பொருளைப் 'பொதி' என்றும், அதைக் கட்டிக் காப்பவரைப் 'பொதிப் பராமரிப்பாளர்' என்றும் அழைக்கிறார்கள். இப்பணியைச் செய்வோரில் பெரும்பாலோர் இதற்கென ஊதியம் எதுவும் பெறாத தன்னார்வலர்கள்.

டெபியன் என்னும் களஞ்சியத்தில் இரண்டு சிறு பொதிகளைச் சில ஆண்டுகளாக நான் பராமரித்து வருகிறேன். நிரல் எழுதிப் பிழைப்பவர்களிடையே கூட இப்பணி பற்றிய தெளிவு குறைவாக இருப்பதைக் கண்டே இதை எழுத முற்பட்டேன்.

1993-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16 அன்று, அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் பயின்றுகொண்டிருந்த இயான் மர்டாக் என்ற மாணவர் டெபியன் திட்டத்தை அறிவித்தார். தோழி டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் இணைத்து அவர் சூட்டிய பெயர் அது. லினக்ஸை மையமாகக் கொண்டு, ஒரு கணினிக்குத் தேவையான எல்லா மென்பொருள்களையும் ஒன்றோடொன்று முரண்படாதவாறு தொகுத்து வழங்குவது அதன் பணி. 2025 ஆகஸ்டில் வெளிவந்த 13-ஆம் பதிப்பில் 69 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொதிகள் உள்ளன. எந்த நிறுவனத்துக்கும் அது சொந்தமானதன்று. வாக்குரிமை பெற்ற உறுப்பினர்கள் ஏறத்தாழ ஆயிரம் பேர். ஆண்டுதோறும் தங்கள் தலைவரை அவர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். எழுதிவைத்த அமைப்பு விதிகள் உண்டு. பயனர்களுக்கு அளித்த வாக்குறுதியாக 1997-இல் ஏற்கப்பட்ட சமூக ஒப்பந்தமும் உண்டு.

டெபியன் என்ற பெயரையே கேள்விப்படாதவர்களும் அதைப் பயன்படுத்தியிருக்கக் கூடும். உபுண்டு அதன்மீது எழுப்பப்பட்டது. பள்ளி ஆய்வகங்களில் காணப்படும் கையடக்க ராஸ்பெரி பை கணினியின் இயங்குதளமும் அவ்வாறே. சென்னையிலுள்ள சி-டாக் மையம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸின் அடித்தளம் டெபியனே. தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸுடன் 'பாஸ்' இயங்குதளமும் இடம்பெற்றிருந்தது. எங்கோ ஒரு நாட்டில் ஒரு தன்னார்வலர் தம் ஓய்வு நேரத்தில் கட்டிய பொதி, நம் மாவட்டத்து மாணவி ஒருத்தியின் கணினியில் இப்படித்தான் வந்து சேர்ந்தது.

பராமரிப்பாளரின் வேலை நிரல் எழுதுவது என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அதில் எழுதுவது குறைவு, படிப்பது மிகுதி. மூல ஆசிரியர் புதிய பதிப்பை வெளியிட்டதும், பழையதற்கும் புதியதற்கும் இடையே என்ன மாறியது என்று பார்க்க வேண்டும். பிறகு, பொதிக்குரிய தனி அடைவு ஒன்றில் சில கோப்புகளை எழுத வேண்டும். இப்பொதி வேறு எவற்றைச் சார்ந்திருக்கிறது, எப்படிக் கட்டப்பட வேண்டும், எந்தக் கோப்பின் காப்புரிமை யாருடையது, அதன் உரிமம் என்ன, இம்முறை என்ன மாற்றம், அது ஏன் என்பன அவற்றில் இருக்கும். அதன்பின், வேறெதுவும் நிறுவப்படாத வெற்றுச் சூழலில் பொதியைக் கட்டிப் பார்க்க வேண்டும். 'என் கணினியில் ஓடுகிறதே' என்பது அங்கே சான்றாகாது. விதிமீறல்களைத் தேடித் தரும் 'லின்டியன்' என்ற கருவி, காற்புள்ளி பிசகினாலும் சுட்டிக்காட்டும் கண்டிப்பான தமிழாசிரியரைப் போன்றது.

இவற்றுள் காப்புரிமைக் கோப்பைப் புதியவர்கள் வெறும் சடங்காகக் கருதுகிறார்கள். என் அனுபவத்தில் அதுவே மிகுந்த பொறுமையைக் கோரியது. ஒருங்குறிக்கு முந்தைய தமிழ் எழுத்துக் குறியாக்கங்களில் தட்டச்சிடப்பட்ட ஆவணங்களை ஒருங்குறிக்கு மாற்றும் கருவி ஒன்றை நான் பொதியாக்க முனைந்தேன். நிரலுக்குத் தெளிவான திறமூல உரிமம் இருந்தது. ஆனால் எழுத்துகளைப் பொருத்திக் காட்டும் அட்டவணைக் கோப்பு ஒன்று வேறொருவரிடமிருந்து பெறப்பட்டது. அதன் தலைப்பில், 'தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும் இலவசம்' என்று ஒரே ஒரு வரி இருந்தது. நல்லெண்ணத்தோடு எழுதப்பட்ட வரிதான். எனினும் அதை அப்படியே ஏற்றால், ஓர் அச்சகமோ பத்திரிகை அலுவலகமோ அக்கருவியைப் பயன்படுத்துவது உரிம மீறலாகிவிடும். இன்ன துறையினர் பயன்படுத்தக் கூடாது என்று கட்டுப்படுத்தும் உரிமம் எதுவும் டெபியனின் முதன்மைக் களஞ்சியத்தில் ஏற்கப்படுவதில்லை.

மூல ஆசிரியருக்கு எழுதினேன். அவர் அட்டவணையை உருவாக்கியவரைத் தேடினார். நான்கு மாதங்களுக்குப் பிறகு, 'உரிமத்தை மாற்றிக்கொள்ள எனக்கு உடன்பாடு' என்ற ஒற்றை வரி மடல் வந்தது. அதுவரை என் கணினியில் அந்தப் பொதி குறையின்றி இயங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆயினும் வெளியிட இயலவில்லை. அதன் பின்னரும், களஞ்சியத்துக்குள் முதன்முறையாக நுழையும் ஒவ்வொரு பொதியையும் தனியே ஆராயும் குழுவொன்றின் ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டும். இக்காத்திருப்பு வீண் என்று வாதிடுவோர் உண்டு. பழைய தமிழ் எழுத்துருக்கள், சொற்பட்டியல்கள் எத்தனை இத்தகைய ஒற்றை வரி நிபந்தனைகளால் எவருக்கும் உதவாமல் முடங்கிக் கிடக்கின்றன என்பதை அறிந்தவர்கள் அவ்வாறு கூறமாட்டார்கள் என்பது என் எண்ணம்.

புதியவருக்குக் களஞ்சியத்தில் நேரடியாகப் பதிவேற்றும் உரிமை கிடையாது. கட்டிய பொதியை ஏற்கெனவே உறுப்பினராக உள்ள ஒருவரிடம் காட்ட வேண்டும். அவரைப் புரவலர் எனலாம். அவர் பொதியைப் பிரித்துப் பார்த்து, கேள்விகள் கேட்டு, மனநிறைவு அடைந்தால் தன் சாவியால் கையொப்பமிட்டுப் பதிவேற்றுவார். அதாவது, புதியவரின் வேலைக்குப் பழையவர் தன் பெயரைப் பிணையாக வைக்கிறார். புரவலரும் தன்னார்வலரே ஆதலால், வாரக்கணக்கில் மறுமொழி வராமல் போவதுண்டு. அதை அவமதிப்பாகக் கொள்ளலாகாது.

இவ்வாறு சில காலம் உழைத்தவர் அடுத்த நிலைக்கு விண்ணப்பிக்கலாம். 2007-இல் உறுப்பினர்கள் வாக்களித்து ஏற்படுத்திய 'டெபியன் பராமரிப்பாளர்' என்னும் நிலை அது. அந்நிலையில் உள்ளவர், தமக்கென அனுமதிக்கப்பட்ட பொதிகளை மட்டும் தாமே பதிவேற்றலாம். அதற்கும் மேலான முழு உறுப்பினர் நிலைக்கு, திட்டத்தின் கொள்கைகள் குறித்தும் தொழில்நுட்பம் குறித்தும் விரிவான வினாக்களுக்கு விடையளிக்க வேண்டும். அதுவரை செய்த பணியும் ஆராயப்படும். இதற்கெல்லாம் ஆண்டுகள் ஆகலாம். நாற்பது நிமிட வளாக நேர்காணலில் ஒருவரின் தகுதியை முடிவுசெய்துவிடும் நம் காலத்தில் இது விந்தையாகத் தோன்றலாம்தான்.

முழுவதும் இணையம் வழியே நடைபெறும் இவ்வேலையில் ஒரு கட்டம் மட்டும் வழக்கமாக நேரில் நடக்கிறது. ஒவ்வொருவரின் மின்கையொப்பச் சாவியும் உண்மையில் அவருக்கே உரியது என்று ஏற்கெனவே உள்ள உறுப்பினர் உறுதிசெய்ய வேண்டும். இருவரும் சந்தித்து, அடையாள ஆவணத்தைக் காட்டி, சாவியின் கைரேகை எனப்படும் நீண்ட எண்ணெழுத்துச் சரத்தைச் சரிபார்த்துக்கொள்கிறார்கள். ஊருக்கு ஒரு உறுப்பினர் கூட இல்லாத நாடுகளில் இது எளிதன்று. டெபியனின் ஆண்டு மாநாடு 2023 செப்டம்பரில் முதன்முறையாக இந்தியாவில், கொச்சியில் நடைபெற்றபோது, தென்னிந்தியாவில் உள்ளவர்களுக்கு விமானம் ஏறாமலே அத்தகைய சந்திப்புக்கு வாய்ப்புக் கிடைத்தது.

பொதி களஞ்சியத்தில் சேர்ந்ததும் வேலை முடிந்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் பராமரிப்பு என்ற சொல்லுக்குப் பொருள் அதன் பிறகே விளங்கும். டெபியனின் 13-ஆம் பதிப்பு ஏழு வகைக் கணினிக் கட்டமைப்புகளை ஆதரிக்கிறது. மேசைக் கணினி முதல் ஐபிஎம்மின் பெருங்கணினி வரை ஒவ்வொன்றுக்கும் பொதி தனித்தனியே கட்டப்படுகிறது. என் குறியாக்க மாற்றி எல்லா வகைகளிலும் தேறி, பெருங்கணினியில் மட்டும் சோதனையில் தோற்றது. ஈரெட்டு இலக்கங்களால் ஆன எழுத்துகளைப் படிக்கும்போது எந்தப் பாதி முதலில் வரும் என்பதில் அக்கணினி மற்றவற்றுக்கு நேர்மாறானது. மூல ஆசிரியர் அத்தகைய கணினியைக் கண்ணால் கண்டதில்லை. நானும் கண்டதில்லை. ஆனால் அத்திட்டம் வைத்துள்ள பொதுக் கணினியில் தொலைவிலிருந்தே நுழைந்து, மூன்று வரித் திருத்தம் ஒன்றைச் செய்து, அதை மூல ஆசிரியருக்கும் அனுப்பிவைத்தேன். திருத்தத்தைத் தன் பொதிக்குள்ளேயே வைத்துக்கொள்ளாமல் மூலத்துக்கே திருப்பித் தருவது பராமரிப்பாளரின் முதற்கடமைகளுள் ஒன்று. அதைப் பெற்றுக்கொண்ட மூல ஆசிரியர், தம் நிரல் ஐபிஎம் பெருங்கணினியில் ஓடுகிறது என்பதை அறிந்து மகிழ்ந்து எழுதினார்.

பதிவேற்றப்பட்ட பொதி நேராக மக்களிடம் செல்வதில்லை. முதலில் 'நிலையற்றது' எனப்படும் பிரிவில் சில நாள்கள் இருக்கும். கடும் பிழை எதுவும் தெரிவிக்கப்படாவிட்டால், வழக்கமாக இரண்டு முதல் பத்து நாள்களுக்குள் 'சோதனை' பிரிவுக்கு நகரும். ஏறத்தாழ ஈராண்டுக்கு ஒருமுறை சோதனைப் பிரிவு முழுவதும் உறையவைக்கப்பட்டு, பிழைகள் களையப்பட்டு, 'நிலையான' பதிப்பாக வெளிவரும். அதன்பின் அப்பதிப்பில் புதுமைகள் சேர்க்கப்படா. மூன்றாண்டுகளும், நீண்டகால ஆதரவாக மேலும் இரண்டாண்டுகளும் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே வரும். மூல ஆசிரியரோ அதற்குள் பத்துப் பதிப்புகள் முன்னேறியிருப்பார். அவருடைய புதிய பதிப்பிலுள்ள ஒரு திருத்தத்தை மட்டும் பிரித்தெடுத்து, அவரே மறந்துபோன பழைய நிரலில் பொருத்த வேண்டியவர் பராமரிப்பாளர்.

இது ஆசிரியர்களுக்கு எரிச்சலூட்டுவதும் உண்டு. திரைக்காப்பு மென்பொருளான எக்ஸ்ஸ்கிரீன்சேவரை எழுதிய ஜேமி ஜவின்ஸ்கி, 'இது மிகப் பழைய பதிப்பு' என்று பயனருக்கு எச்சரிக்கை காட்டும் வரியைத் தம் நிரலிலேயே வைத்திருந்தார். டெபியனின் நிலையான பதிப்பில் அந்த எச்சரிக்கை தோன்றி, 2016-இல் பெரும் விவாதம் மூண்டது. தம் மென்பொருளைக் களஞ்சியத்திலிருந்தே நீக்கிவிடுமாறு அவர் கேட்டார். அவர் பக்கமும் நியாயம் இருந்தது: என்றோ சரிசெய்த பிழைகளைப் பற்றிய முறையீடுகள் அவருக்கு வந்துகொண்டே இருந்தன. எனினும் ஒரு மருத்துவமனையோ வாக்காளர் பதிவு அலுவலகமோ, வாரந்தோறும் மாறும் மென்பொருளை நம்பி இயங்க முடியாது. இந்தச் சச்சரவில் என் சாய்வு பராமரிப்பாளர் பக்கமே.

ஆனால் இடையில் நிற்பவர் எப்போதும் நன்மையே செய்வார் என்று சொல்லிவிட முடியாது. இணையத் தொடர்புகளை மறையாக்கம் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளில், சோதனைக் கருவி ஒன்று காட்டிய எச்சரிக்கையை நீக்கும் பொருட்டு, 2006-இல் டெபியன் பொதியில் ஒரு சிறு மாற்றம் செய்யப்பட்டது. எவராலும் முன்கூட்டியே ஊகிக்க முடியாத எண்களை உருவாக்குவதற்கு இன்றியமையாத பகுதி அதனால் செயலிழந்தது. விளைவாக, ஒரு வகைக் கணினியில் ஒரு குறிப்பிட்ட நீளத்தில் உருவாகக்கூடிய மறைச்சாவிகளின் எண்ணிக்கை, எண்ணிப் பார்க்க இயலாத பெருந்தொகையிலிருந்து 32,768 ஆகச் சுருங்கிவிட்டது. 2008 மே 13 அன்று இக்குறை வெளியே அறிவிக்கப்படும் வரை, டெபியனிலும் உபுண்டுவிலும் உருவான சாவிகள் இவ்வாறு ஊகிக்கத்தக்கனவாகவே இருந்தன. உலகெங்கும் அவற்றை மாற்ற வேண்டியதாயிற்று. தாம் முழுதும் அறியாத நிரலில் பராமரிப்பாளர் கைவைக்கும்போது எவ்வளவு தயங்க வேண்டும் என்பதற்கு இன்றளவும் எடுத்துக்காட்டாகக் கூறப்படும் நிகழ்வு இது.

அப்படியானால் இடையாள் எதற்கு, ஆசிரியரே நேரடியாகப் பயனருக்குத் தரலாமே என்ற கேள்வி எழும். ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்கான என்பிஎம் களஞ்சியம் அத்தகையது. எழுதியவரே வெளியிடுவார்; இடையில் எவரும் படித்துப் பார்ப்பதில்லை. அதன் வேகமும் வளமும் வியக்கத்தக்கவை. ஆனால் 2016 மார்ச்சில், ஒரு பெயர்த் தகராறில் மனம் கசந்த ஆசிரியர் ஒருவர் தம் பொதிகளையெல்லாம் நீக்கியபோது, 'லெஃப்ட்-பேட்' என்ற பதினொரு வரி நிரல் மறைந்து, அதைச் சார்ந்திருந்த எண்ணற்ற திட்டங்கள் ஒரே நாளில் முடங்கின. 2018-இல் 'ஈவென்ட்-ஸ்ட்ரீம்' என்ற பொதியின் ஆசிரியர், தாம் பயன்படுத்தாத அந்நிரலை, உதவ முன்வந்த அறிமுகமில்லாத ஒருவரிடம் ஒப்படைத்தார். பெற்றுக்கொண்டவர், பிட்காயின் பணப்பைகளைத் திருடும் நிரலை அதனுள் சேர்த்தார். கேட்டவருக்குக் கொடுத்துவிட்டவரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. ஊதியமின்றி ஒரு சுமையைச் சுமப்பவர், அதை இறக்கிவைக்க ஒரு தோள் கிடைத்தால் மகிழத்தானே செய்வார்?

இக்கேள்வியின் முழுப் பரிமாணமும் 2024 மார்ச் 29 அன்று வெளிப்பட்டது. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற கருவி பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் உண்டு. அதை நெடுங்காலமாக ஒருவரே பராமரித்து வந்தார். 2021 முதல் 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர் திருத்தங்கள் அனுப்பத் தொடங்கினார். பயனுள்ள திருத்தங்கள், பணிவான மடல்கள். 2022-இல், வேறு சில பெயர்களில், 'திட்டம் தேங்கிக் கிடக்கிறது, வேறொருவரிடம் ஒப்படையுங்கள்' என்று மூலப் பராமரிப்பாளரை நெருக்கும் மடல்கள் வந்தன. இது ஊதியமற்ற பொழுதுபோக்குத் திட்டம் என்பதை நினைவில் கொள்ளுமாறு அவர் பதில் எழுதினார். நாளடைவில் ஜியா டானுக்குப் பதிப்பு வெளியிடும் உரிமையும் கிடைத்தது. 2024 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வெளியான இரு பதிப்புகளில், பிறர் கணினிக்குள் பின்வாசல் வழியே நுழைய உதவும் நிரல் மறைக்கப்பட்டிருந்தது.

அதைக் கண்டுபிடித்தவர் மைக்ரோசாஃப்டில் பணியாற்றும் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர். போஸ்ட்கிரெஸ் தரவுத்தள மென்பொருளை உருவாக்குவோருள் ஒருவர் அவர். டெபியனின் நிலையற்ற பிரிவில் வேறொரு சோதனையைச் செய்துகொண்டிருந்தபோது, தொலைக்கணினியில் நுழைவதற்கு ஆகும் நேரம் ஏறக்குறைய அரை விநாடி கூடியிருப்பதைக் கவனித்தார். அந்த அரை விநாடி ஏன் என்று தேடிச் சென்றார். நிலையான பதிப்பை அந்த நஞ்சு எட்டவில்லை. நான் மேலே கூறிய நிலையற்றது, சோதனை என்ற படிநிலைகள், சோம்பலாகத் தோன்றும் அதே காத்திருப்பு, இங்கே காப்பாக அமைந்தன. டெபியன் உடனே பழைய பதிப்புக்குத் திரும்பியது. பொதியின் பதிப்பெண் பின்னோக்கிச் செல்ல முடியாதாகையால், '5.6.1, உண்மையில் 5.4.5' என்ற பொருள்பட அதற்குப் பெயரிட்டார்கள். நெருக்கடி நேரத்திலும் விதியை மீறாத அந்தப் பெயரைக் கண்டு சிரிக்காமல் இருக்க முடியவில்லை.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். தொலைக்கணினியில் நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்எச் மென்பொருளுக்கும் எக்ஸ்இசட்டுக்கும், அதை எழுதியவர்களின் மூல வடிவில், நேரடித் தொடர்பு இல்லை. சிஸ்டம்டி என்னும் வேறொரு மென்பொருளுடன் இணைந்து செயல்படுவதற்காக, டெபியன் உள்ளிட்ட சில வழங்கல்களின் பராமரிப்பாளர்கள் சேர்த்திருந்த ஒரு திருத்தத்தின் வழியாகவே அது உள்ளே புகுந்தது. மேலும், நஞ்சைச் செயல்படுத்தும் முக்கியமான பகுதி பொதுவெளியிலுள்ள நிரல் வரலாற்றில் இல்லை. ஆசிரியர் வெளியிட்ட கட்டில் மட்டுமே இருந்தது. அந்நிகழ்வுக்குப் பின், வெளியீட்டுக் கட்டையும் பொது வரலாற்றையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே என் பொதிகளைப் புதுப்பிக்கிறேன். இரண்டு சிறு பொதிகளுக்கு அது ஒரு மாலை நேர வேலை. நாற்பது பொதிகளைத் தனியே சுமப்பவருக்கு?

எக்ஸ்இசட் நிகழ்வைத் தொடர்ந்து எழுந்த குரல்களுள் பல, புதியவர்களைக் கூடுதலாகச் சந்தேகிக்க வேண்டும் என்றன. எனக்கு அதில் உடன்பாடு குறைவு. ஈராண்டுக்கு மேல் பொறுமையாக நடித்தவரை எந்த அடையாள ஆவணம் தடுத்திருக்கும்? அவருக்கு வழி திறந்தது ஆள் பற்றாக்குறைதான். ஒருவரே தாங்கிய சுமையில் இன்னும் இருவர் முன்னரே பங்கு கொண்டிருந்தால், 'ஒப்படையுங்கள்' என்ற மடல்களுக்கு அந்த வலிமை இருந்திருக்காது. ஆக, கதவைச் சாத்துவதைவிட, உள்ளே இன்னும் பலர் இருக்கும்படி செய்வதே காப்பு.

டெபியனில் இதற்கு ஓர் ஒழுங்குமுறை உண்டு. பராமரிக்க இயலாதவர் தம் பொதியை 'அநாதை' என்று அறிவிக்கலாம். 'தத்தெடுக்க ஆள் தேவை', 'உதவி தேவை' என்றும் அறிவிக்கலாம். இதில் இழுக்கு ஏதுமில்லை. பல மாதங்கள் குரலே எழாத பராமரிப்பாளர்களைத் தேடி விசாரிக்கும் குழுவும் இருக்கிறது. கேட்பாரற்றுக் கிடக்கும் பொதியை மீட்க விரும்புபவர் தம் எண்ணத்தை வெளிப்படையாக அறிவித்து, மூன்று வாரம் காத்திருந்து, மறுப்பு வராவிட்டால் பொறுப்பேற்கலாம். என் இரண்டாவது பொதி, இவ்வாறு அநாதைப் பட்டியலிலிருந்து நான் எடுத்துக்கொண்டது. முதல் பொதியைவிட அது எனக்குக் கற்றுத்தந்தது அதிகம். முந்தையவர் பத்தாண்டுகளாக எழுதிவைத்த மாற்றக் குறிப்புகளைப் படிப்பது, ஒரு குடும்பத்தின் வரவு செலவுக் கணக்கைப் படிப்பது போன்றது. எதை ஏன் செய்தார், எதைச் செய்யத் தயங்கினார் என்பதெல்லாம் அதில் தெரியும்.

புதிதாக வருபவர்கள் புதிய பொதியோடு வரவே விரும்புகிறார்கள்; அது இயல்பு. இருப்பினும், அநாதைப் பொதி ஒன்றை எடுத்துக்கொள்ளுமாறே என்னிடம் கேட்கும் மாணவர்களுக்குச் சொல்கிறேன். தாம் அன்றாடம் பயன்படுத்துவதாக அது இருக்க வேண்டும். பயன்படுத்தாத பொதியைப் பராமரிப்பவர், அது பழுதானதைக் கடைசியில்தான் அறிவார்.

நம் பொறியியல் கல்லூரிகளில் இறுதியாண்டு மாணவர்கள் ஆண்டுதோறும் ஒரு திட்டப்பணி செய்கிறார்கள். வாய்மொழித் தேர்வு முடிந்ததும் அதை எவரும் திறந்து பார்ப்பதில்லை. அதற்கு மாற்றாக, ஓர் அநாதைப் பொதியை ஓராண்டு பராமரிப்பதைத் திட்டப்பணியாக ஏற்கலாம் என்பது என் கருத்து. ஆனால் இதில் ஓர் எச்சரிக்கை தேவை. 2020 அக்டோபரில், நான்கு பங்களிப்புகளுக்கு ஒரு டி-ஷர்ட் என்று அறிவித்த 'ஹாக்டோபர்ஃபெஸ்ட்' நிகழ்வின்போது, பயனற்ற திருத்தங்கள் திட்டங்களின்மீது வெள்ளம்போல் கொட்டின. ஏற்பாட்டாளர்கள் விதிகளையே மாற்ற நேர்ந்தது. மதிப்பெண்ணுக்காக நூறு மாணவர்களைக் களஞ்சியத்தின்மீது ஏவினால், ஏற்கெனவே களைத்திருக்கும் புரவலர்களின் சுமைதான் கூடும். எனவே தொடர்ந்து நிற்கப்போகும் பேராசிரியர் ஒருவர் முதலில் பொறுப்பேற்று, ஆண்டுக்கு இரண்டு மூன்று மாணவர்களை மட்டும் தம் பெயரின்கீழ் பழக்குவதே தகும். மாணவர் பட்டம் பெற்றுப் போன பின்னும் பொதிக்கு ஆள் இருப்பார்.

இக்களஞ்சியத்தின்மீது தங்கள் அமைப்புகளைக் கட்டியுள்ள அரசுத் துறைகளும் நிறுவனங்களும் வேறொன்று செய்யலாம். வாரத்தில் சில மணி நேரத்தை, தாங்கள் சார்ந்திருக்கும் பொதிகளைப் பராமரிக்கத் தம் ஊழியர்களுக்கு அலுவல் நேரமாகவே ஒதுக்கலாம். டெபியனின் நீண்டகால ஆதரவுப் பணி, பல நிறுவனங்கள் கூட்டாகத் தரும் பணத்தால் ஊதியத்துடன் நடைபெறுவது 2014 முதல் நடைமுறையில் உள்ளது. ஆகவே இது கற்பனையான யோசனை அன்று. நம் ஊர் நிறுவனங்கள் பல, இம்மென்பொருள்களைப் பயன்படுத்தி மிச்சப்படுத்தும் உரிமக் கட்டணத்தைப் பெருமையோடு கணக்கிடுகின்றன. பராமரிப்புக்கு என்ன தந்தோம் என்ற வரி அக்கணக்கில் இடம்பெறுவதில்லை.

எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. டெபியன் களஞ்சியத்திலேயே 'ஹவ்-கேன்-ஐ-ஹெல்ப்' என்றொரு பொதி இருக்கிறது. அதை நிறுவினால், உங்கள் கணினியில் ஏற்கெனவே உள்ள மென்பொருள்களுள் எவை அநாதையாகிவிட்டன, எவற்றுக்கு உதவி தேவை, எவை அடுத்த பதிப்பிலிருந்து நீக்கப்படும் நிலையில் உள்ளன என்று பட்டியலிட்டுக் காட்டும். பிறகு ஒவ்வொரு முறை மென்பொருள்களைப் புதுப்பிக்கும்போதும், அப்பட்டியலில் புதிதாகச் சேர்ந்தவற்றை உங்கள் திரையின் கடைசி வரிகளில் அது தெரிவித்துக்கொண்டே இருக்கும்.